மோடத்துக்குள் உறையும் நிரல்

2017-ஆம் ஆண்டு ஜூலை மாதக் கடைசியில் நம் நாட்டின் பல பகுதிகளில் ஒரு விந்தை நிகழ்ந்தது. பி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் பிராட்பேண்ட் இணைப்பு பெற்றிருந்த ஆயிரக்கணக்கானோரின் மோடங்கள் திடீரென்று செயலற்றுப் போயின. தொலைபேசிக் கம்பி அறுந்துவிடவில்லை. மின்சாரம் நின்றுவிடவில்லை. மோடத்தின் உள்ளே எந்த உறுப்பும் கருகிப் போகவில்லை. ஆனாலும் இணையம் வரவில்லை.

காரணம் பின்னர் தெரிய வந்தது. மோடத்தின் அமைப்புப் பக்கத்தைத் திறப்பதற்கு ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உண்டு. தொழிற்சாலையிலிருந்து வரும்போது பல மோடங்களில் இவ்விரண்டுமே ‘அட்மின்’ என்ற ஒரே சொல்லாக இருக்கும். அதை மாற்றாமல் அப்படியே விட்டிருந்த மோடங்களுக்குள் நச்சு நிரல் ஒன்று இணையத்தின் வழியே புகுந்துவிட்டது. ‘பிரிக்கர்பாட்’ என்பது அதன் பெயர். அதை எழுதியவர் எனத் தம்மைக் கூறிக்கொண்ட ஒருவர் இந்தத் தாக்குதலுக்குத் தாமே பொறுப்பு என்றும் அறிவித்தார். கடவுச்சொல்லை உடனே மாற்றிக்கொள்ளும்படி பி.எஸ்.என்.எல். தன் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது.

கம்பி நன்றாக இருந்தது. பெட்டியும் நன்றாக இருந்தது. பிறகு எதுதான் கெட்டது? இந்த ஒரு கேள்விக்கு விடை கண்டுவிட்டால், மோடம் என்பது உண்மையில் என்ன என்பதும், அதை நாம் எப்படிப் பேண வேண்டும் என்பதும் விளங்கிவிடும்.

கம்பி ஒன்று, பாதைகள் பல

உங்கள் வீடு திருவொற்றியூரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தொலைபேசி நிலையத்திலிருந்து புறப்படும் இரட்டைச் செப்புக் கம்பி, நிலத்தடிக் கேபிளுக்குள் ஓடி வருகிறது. தெருவோரத்து இரும்புப் பெட்டியில் ஒருமுறை இணைக்கப்படுகிறது. பிறகு உங்கள் தெருவில் உள்ள சிறு பெட்டியில் மறுமுறை இணைக்கப்பட்டு, உங்கள் வீட்டுச் சுவரை வந்தடைகிறது.

இக்கம்பிகள் பேச்சை ஏற்றிச் செல்வதற்காகவே இடப்பட்டவை. சென்னையில் தொலைபேசி நிலையம் 1882-ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டுவிட்டது. மனிதக் குரல் தெளிவாகக் கேட்க, நொடிக்கு 300 முதல் 3,400 வரை அதிர்வுகள் கொண்ட அலைகளே போதும் எனத் தொலைபேசிப் பொறியாளர்கள் கண்டனர். அதற்கு மேற்பட்ட அதிர்வெண்களைக் கம்பி கடத்தாது என்பதல்ல. அவை தேவைப்படவில்லை, அவ்வளவுதான். ஆக, நூறாண்டுக் காலம் அந்தக் கம்பியின் பெரும் பகுதி வெறுமனே கிடந்தது எனலாம்.

அந்த வெற்றிடத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் முறையே டி.எஸ்.எல். ஆகும். வீடுகளுக்கு வரும் செய்தி மிகுதி, வீடுகளிலிருந்து போகும் செய்தி குறைவு. எனவே வரும் பாதையை அகலமாகவும் போகும் பாதையைக் குறுகலாகவும் வைத்தால் கம்பியின் ஆற்றல் நன்கு பயன்படும் என்ற கருத்தை அமெரிக்காவின் ஜோசப் லெக்லைடர் 1980-களில் எடுத்துரைத்தார். அலைகளைப் பல சிறு பாதைகளாகப் பிரித்து அனுப்பும் முறையை ஜான் சியோஃபி என்ற பேராசிரியர் வளர்த்தார். இவ்விரண்டும் சேர்ந்ததே ஏ.டி.எஸ்.எல். என்னும் முறை. பி.எஸ்.என்.எல். தன் பிராட்பேண்ட் சேவையை 2005 ஜனவரியில் தொடங்கியபோது இம்முறையையே கையாண்டது.

இதில் ஒரு சிறு கணக்கு உண்டு. நொடிக்கு 11,04,000 அதிர்வுகள் வரையுள்ள பட்டை 256 சிறு பாதைகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு பாதையின் அகலமும் 4,312.5 அதிர்வுகள். பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும். பின்னர் வந்த ஏ.டி.எஸ்.எல். 2 பிளஸ் முறையில் பட்டை இரு மடங்காகிப் பாதைகள் 512 ஆயின.

எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்தை நோக்கி வரிசை கட்டிச் செல்லும் கன்டெய்னர் லாரிகளை நினைத்துக்கொள்ளுங்கள். சாலையில் 256 தடங்கள் இருப்பதாகவும், நொடிக்கு 4,000 லாரிகள் ஒவ்வொரு தடத்திலும் செல்வதாகவும் கற்பனை செய்யுங்கள். தடம் மேடு பள்ளமின்றி இருந்தால் ஒரு லாரியில் 15 மூட்டைகள் வரை ஏற்றலாம். குண்டும் குழியுமாக இருந்தால் 2 அல்லது 3 மூட்டைகளே ஏற்றலாம். முற்றிலும் சிதைந்த தடத்தில் லாரியே விட முடியாது. மூட்டை என்று நாம் சொல்வது ‘பிட்’ என்னும் செய்தித் துணுக்கு.

200 தடங்களில் சராசரியாக 10 பிட்டுகள் ஏற்ற முடிந்தால், 200 × 10 × 4,000 = 80,00,000. அதாவது நொடிக்கு 80 இலட்சம் பிட்டுகள். இதையே 8 மெகாபிட் வேகம் என்கிறோம்.

கடற்கரை ஊர்களில் இந்தத் தடங்களுக்குப் பகை அதிகம். இராயபுரத்திலும் எண்ணூரிலும் உப்புக் காற்று படப்படச் செப்பு இணைப்புகளில் பச்சை நிறக் களிம்பு ஏறுகிறது. வடகிழக்குப் பருவமழையில் தெருப்பெட்டிகளிலும் கேபிள் இணைப்புகளிலும் ஈரம் கசிகிறது. பற்றவைப்புப் பட்டறைகளிலும் பெரிய மோட்டார்களிலும் எழும் மின்பொறிகள் இரைச்சல் அலைகளைக் கிளப்புகின்றன. இவையெல்லாம் சில தடங்களைக் கெடுத்துவிடும். எந்தத் தடம் எப்போது கெடும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால்தான் ஒவ்வொரு முறையும் தடங்களைச் சோதித்துப் பார்த்துச் சுமை ஏற்ற ஓர் ஆள் தேவைப்படுகிறார். அந்த ஆள்தான் மோடத்துக்குள் இருக்கும் நிரல்.

இரண்டு நிரல்கள்

கணிப்பொறியில் நாம் வேண்டும்போது ஏற்றி, வேண்டாதபோது நீக்கும் நிரல்களை மென்பொருள் என்கிறோம். சில்லுகள், கம்பிகள் முதலியன வன்பொருள். இவ்விரண்டுக்கும் இடையே, வன்பொருளோடு ஒட்டி நிலையாகத் தங்கி அதை இயக்கும் நிரல் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் ஃபர்ம்வேர் என வழங்கும் இதைத் தமிழில் நிலைப்பொருள் என்கிறோம்.

இன்றைய மோடம் வெறும் மோடம் மட்டுமன்று. அது ரவுட்டர் எனப்படும் திசைவியும் ஆகும். கம்பியில் வரும் அலைகளைப் பிட்டுகளாக மாற்றுவது மோடத்தின் வேலை. அந்தப் பிட்டுகளில் எது உங்கள் கணிப்பொறிக்கு, எது உங்கள் தங்கையின் கைபேசிக்கு என்று பிரித்துக் கொடுப்பது ரவுட்டரின் வேலை. ஒரே பெட்டிக்குள் இரு வேலைகள் நடப்பதால் நிலைப்பொருளிலும் இரு பகுதிகள் உண்டு.

முதலாவது, கம்பியைக் கவனிக்கும் பகுதி. மோடத்துக்கு மின்சாரம் கொடுத்ததும் டி.எஸ்.எல். விளக்கு மின்னி மின்னி எரிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்நேரத்தில் உங்கள் மோடமும் தொலைபேசி நிலையத்திலுள்ள கருவியும் ஒன்றையொன்று அழைத்து அறிமுகம் செய்துகொள்கின்றன. பிறகு ஒவ்வொரு தடத்திலும் சோதனை அலைகளை அனுப்பி, இரைச்சலை அளந்து, எதில் எத்தனை பிட் ஏற்றலாம் என உடன்படிக்கை செய்துகொள்கின்றன. எல்லாம் முடிந்ததும் விளக்கு நிலையாக எரிகிறது. இந்த உரையாடலைத் திறமையாக நடத்துவதும் சொதப்புவதும் இந்தப் பகுதியின் கையில்தான் இருக்கிறது. ஒரே கம்பியில், ஒரே பெட்டியில், இப்பகுதியை மட்டும் மாற்றினால் வேகம் கூடுவதும் குறைவதும் உண்டு.

இரண்டாவது, ரவுட்டரை இயக்கும் பகுதி. பல மோடங்களில் லினக்ஸ் என்ற இயக்க முறைமையின் சிறு வடிவமே இப்பணியைச் செய்கிறது. ஆகவே உங்கள் வீட்டு அலமாரியின் மேல் தூசி படிந்து கிடக்கும் அந்தப் பெட்டி, உண்மையில் இரவும் பகலும் உலகத்தோடு இணைந்திருக்கும் ஒரு முழுமையான கணிப்பொறி. 2017-இல் கெட்டது இதுதான். பிரிக்கர்பாட் நிரல் தான் புகுந்த கருவிகளின் நினைவகத்தில் பொருளற்ற எண்களை எழுதி, உள்ளே இருந்த நிரலைச் சிதைக்கும் இயல்புடையது. ‘பிரிக்’ என்றால் செங்கல். நிரல் அழிந்த பெட்டிக்கும் செங்கல்லுக்கும் வேறுபாடு இல்லை அன்றோ?

அழித்து எழுதும் சிலேட்டு

நிலைப்பொருள் எங்கே உறைகிறது? ‘ஃபிளாஷ்’ என்னும் நினைவகச் சில்லில். ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா என்ற பொறியாளர் 1980-களில் இதை உருவாக்கினார். இச்சில்லில் காப்புப் படலத்தால் சூழப்பட்ட நுண்ணிய அறைகள் கோடிக்கணக்கில் உள்ளன. ஓர் அறையில் மின்னணுக்களை அடைத்து வைத்தால் 0, வெளியேற்றினால் 1. மின்சாரத்தை நிறுத்தினாலும் அடைபட்ட மின்னணுக்கள் தப்பிவிடா. எனவே எழுதியது பல ஆண்டுகள் அழியாமல் நிற்கிறது.

ஆனால் இதில் ஒரு சிக்கல். ஒரே ஓர் எழுத்தை மட்டும் அழித்துத் திருத்த இயலாது. சிலேட்டை முழுவதும் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதுவதுபோல, ஒரு தொகுதி முழுவதையும் ஒரே வீச்சில் அழித்த பின்னரே அதில் மீண்டும் எழுத முடியும். நிலைப்பொருளைப் புதுப்பிக்கும்போது நடப்பதும் இதுவே. பழைய நிரல் அழிகிறது. புதிய நிரல் தொகுதி தொகுதியாக எழுதப்படுகிறது. அழித்ததற்கும் எழுதி முடித்ததற்கும் இடைப்பட்ட சில நிமிடங்களில் மின்சாரம் நின்றுவிட்டால்? சிலேட்டில் பழைய பாடமும் இல்லை, புதிய பாடமும் முழுமையாக இல்லை. மோடம் விழித்தெழத் தெரியாமல் கிடக்கும்.

இந்த ஆபத்தைக் குறைக்கப் பொறியாளர்கள் ஓர் ஏற்பாடு செய்துள்ளனர். சில்லின் ஒரு மூலையில் தொடக்க நிரல் என்ற சிறு நிரலைத் தனியே வைத்துள்ளனர். புதுப்பிக்கும்போது பெரும்பாலும் இதைத் தொடுவதில்லை. மோடத்துக்கு மின்சாரம் வந்ததும் முதலில் விழிப்பது இதுதான். பெரிய நிரல் நலமாக இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதை எழுப்பிவிட்டுத் தான் ஒதுங்கிக்கொள்ளும். இல்லையென்றால், வெளியிலிருந்து யாராவது நல்ல நிரலைத் தருவார்களா என்று காத்திருக்கும்.

திருத்தம் வந்தும் சேராத கதை

‘நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மோடத்தை ஏன் தொட வேண்டும்?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதற்கு மூன்று உண்மை நிகழ்ச்சிகளே விடை கூறும்.

மோடங்களின் அமைப்புப் பக்கத்தைக் காட்டுவதற்கென ‘ரோம்பேஜர்’ என்ற நிரல் பல நிறுவனங்களின் மோடங்களில் பயன்பட்டு வந்தது. அதில் ஒரு பெரும் குறை இருப்பதை 2014-ஆம் ஆண்டு செக் பாயிண்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளிப்படுத்தியது. அக்குறையின் வழியே கடவுச்சொல் இன்றியே மோடத்தைக் கைப்பற்றிவிட முடியும். உலகெங்கும் சுமார் 1 கோடியே 20 இலட்சம் கருவிகளில் இக்குறை இருந்ததாக அந்நிறுவனம் மதிப்பிட்டது. இதில் வியப்பு என்னவென்றால், நிரலை எழுதிய நிறுவனம் அக்குறையை 2005-ஆம் ஆண்டிலேயே திருத்திவிட்டது! மருந்து வந்துவிட்டது, நோயாளியிடம் ஒன்பது ஆண்டுகளாகியும் போய்ச் சேரவில்லை. மோடம் செய்தவர்கள் பழைய நிரலையே வைத்து விற்றார்கள், வாங்கியவர்களும் புதுப்பிக்கவில்லை.

இரண்டாவது நிகழ்ச்சி பிரேசில் நாட்டில். அங்கே 2011-ஆம் ஆண்டளவில் டி.எஸ்.எல். மோடங்களின் நிலைப்பொருளில் இருந்த ஒரு குறையைப் பயன்படுத்திச் சுமார் 45 இலட்சம் மோடங்களில் கயவர்கள் ஒரே ஒரு மாற்றம் செய்தார்கள். இணையத்தில் ஒரு பெயரைத் தட்டினால் அதற்குரிய எண் முகவரியைத் தேடித் தருவதற்கு டி.என்.எஸ். என்ற ஏற்பாடு உண்டு. அதைத் தொலைபேசிப் பெயர்ப்பட்டியலுக்கு ஒப்பிடலாம். கயவர்கள் அந்தப் பட்டியலையே மாற்றி வைத்துவிட்டார்கள். வங்கியின் பெயரைத் தட்டியவர்கள் போலி வங்கிப் பக்கத்துக்குப் போனார்கள். கணிப்பொறியில் எந்தக் கிருமியும் இல்லை. கிருமி மோடத்தில் இருந்தது.

மூன்றாவது ஜெர்மனியில். 2016 நவம்பர் 27 அன்று டாய்ச்ச டெலிகாம் நிறுவனத்தின் சுமார் 9 இலட்சம் வாடிக்கையாளர்களின் ரவுட்டர்கள் தாக்குதலுக்கு உள்ளாகி முடங்கின. இணைய நிறுவனங்கள் தொலைவிலிருந்தே மோடங்களைச் சீர்செய்வதற்கென ஒரு தனி வாசல் வைத்திருப்பது வழக்கம். 7547 என்பது அதன் எண். அந்த வாசலைத்தான் தாக்கியவர்கள் தட்டினார்கள். நிறுவனம் விரைந்து புதிய நிலைப்பொருளை வெளியிட்டது. மோடத்தின் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு மீண்டும் சொருகுங்கள், புதிய நிரல் தானாக வந்து சேரும் என்று மக்களுக்கு அறிவித்தது. இங்கே மருந்து உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்தது.

இராயபுரத்திலோ பாரிமுனையிலோ ஒரு சுங்க முகவர் அலுவலகத்தை எண்ணிப் பாருங்கள். இறக்குமதிச் சரக்குக்குரிய ஆவணங்களைச் சுங்கத் துறைக்கு இணையத்தின் வழியே அனுப்ப வேண்டும். மோடம் முடங்கினால் ஆவணம் போகாது. ஆவணம் போகாவிட்டால் கன்டெய்னர் துறைமுகத்தைவிட்டு நகராது. நகராத நாட்களுக்கு டெமரேஜ் என்னும் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். ஒரு கடவுச்சொல்லை மாற்றாததன் விலை இவ்வளவு தூரம் போகும்.

புதுப்பிக்கும் முன்

இனி, நிலைப்பொருளை எப்படிப் புதுப்பிப்பது என்பதைப் படிப்படியாகக் காண்போம்.

முதலில் மோடத்தைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒட்டியிருக்கும் தாளில் மாதிரிப் பெயரும் வன்பொருள் பதிப்பு எண்ணும் இருக்கும். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் விற்கும் மோடங்களின் உள்ளே வெவ்வேறு சில்லுகள் இருப்பதுண்டு. ஒன்றுக்கு உரிய நிரலை மற்றொன்றில் எழுதினால் செங்கல்தான் மிஞ்சும்.

நாட்டையும் கவனிக்க வேண்டும். ஜெர்மனியில் தொலைபேசிக் கம்பியில் ஐ.எஸ்.டி.என். என்ற முறையும் வழங்கி வந்ததால், அங்கு டி.எஸ்.எல். தடங்கள் நம் நாட்டைவிட உயர்ந்த அதிர்வெண்ணில் தொடங்குமாறு அமைத்தார்கள். அதை ‘இணைப்பு பி’ என்பார்கள். நம்முடையது ‘இணைப்பு ஏ’. கப்பலில் வேலை செய்யும் உறவினர் ஒருவர் ஹாம்பர்க் துறைமுகத்தில் நல்ல மோடம் ஒன்று வாங்கி வந்து கொடுத்தாலும், அது ‘இணைப்பு பி’ வகையாக இருந்தால் நம் கம்பியில் விளக்கு நிலைத்து எரியாது. பெட்டி பழுது என்று எண்ணித் தூக்கி எறிய வேண்டாம். மொழி வேறு, அவ்வளவே.

இரண்டாவதாக, உங்கள் கணிப்பொறியின் இணைய உலாவியில் 192.168.1.1 என்று தட்டினால் பெரும்பாலான மோடங்களின் அமைப்புப் பக்கம் திறக்கும். அதிலுள்ள அமைப்புகள் யாவற்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். புதுப்பித்த பின் அவை அழிந்துவிடக்கூடும். குறிப்பாக மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, வி.பி.ஐ., வி.சி.ஐ. எனப்படும் தட எண்கள். பி.எஸ்.என்.எல். இணைப்புகளில் இவை 0, 35 என்று அமைந்தன. தொலைபேசி நிலையத்தில் உங்கள் செய்தி எந்த வாசலில் நுழைய வேண்டும் என்பதை இவை குறிக்கின்றன. ஓர் எண் தவறினாலும் விளக்கு எரியும், ஆனால் இணையம் வராது. இரண்டு, இணைப்பு வகை, பெரும்பாலும் பி.பி.பி.ஓ.இ. என்றிருக்கும். மூன்று, இணைய நிறுவனம் உங்களுக்குத் தந்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும். இவை வேறு, மோடத்தைத் திறக்கும் கடவுச்சொல் வேறு என்பதை மறக்க வேண்டாம்.

மூன்றாவதாக, புதிய நிலைப்பொருளை மோடம் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டுமே பெறுங்கள். மோடம் இணைய நிறுவனம் கொடுத்ததாக இருந்தால், முதலில் அவர்களையே கேளுங்கள். பல தளங்களில் கோப்புடன் சரிபார்ப்பு எண் ஒன்றும் தந்திருப்பார்கள். அதன் தத்துவம் எளிது. 7, 2, 9 என்ற எண்களை அனுப்புகிறவர் அவற்றின் கூட்டுத்தொகை 18 என்பதையும் சேர்த்து அனுப்புகிறார். உங்களுக்கு வந்தவை 7, 3, 9 என்றால் கூட்டுத்தொகை 19 ஆகிறது. வழியில் ஏதோ கெட்டுவிட்டது என்று தெரிந்துவிடுகிறது. நடைமுறையில் இதைவிடச் சிக்கலான கணக்கு பயன்படுகிறது. எண்கள் ஒத்துப்போகாவிட்டால் அந்தக் கோப்பைத் தொடவே கூடாது.

புதுப்பிக்கும்போது

கம்பியில்லா இணைப்பில் இதைச் செய்ய வேண்டாம். கணிப்பொறியையும் மோடத்தையும் ஈதர்நெட் கம்பியால் இணையுங்கள். அலை விட்டுப் போனால் கோப்பு அறுந்துவிடும்.

மின்சாரம் தடைப்படாது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். யு.பி.எஸ். இருந்தால் மோடத்தை அதில் இணையுங்கள். 2012-ஆம் ஆண்டளவில் சென்னையில் நாள்தோறும் மின்வெட்டு இருந்த காலத்தை உங்கள் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். எண்ணூர் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டே விளக்கில்லாமல் உட்கார்ந்திருந்த வீடுகள் அன்று உண்டு. இன்று நிலைமை வேறு. ஆனாலும் இடியும் மழையுமாக இருக்கும் மாலையில் இவ்வேலையைத் தொடங்க வேண்டாம்.

அமைப்புப் பக்கத்தில் புதுப்பித்தலுக்குரிய பகுதியைத் திறந்து, கோப்பைத் தேர்ந்தெடுத்து, ஆணையிடுங்கள். பின்னர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருங்கள். மோடம் தானாக அணைந்து மீண்டும் எழும்வரை எந்தப் பொத்தானையும் தொடக் கூடாது. ‘நின்றுவிட்டது போலிருக்கிறதே’ என்று பொறுமை இழந்து சொருகியைப் பிடுங்கியவர்கள் கெடுத்த மோடங்கள் பல.

புதுப்பித்த பின்

மோடம் எழுந்ததும், தொழிற்சாலை அமைப்புக்கு ஒருமுறை மீட்டுவிட்டு, நீங்கள் எழுதி வைத்த விவரங்களை மீண்டும் பதியுங்கள். பழைய அமைப்புகளின் மிச்சம் புதிய நிரலோடு முரண்படாமல் இருக்க இது உதவும்.

அடுத்து, தலையாய வேலை: மோடத்தைத் திறக்கும் கடவுச்சொல்லை மாற்றுங்கள். 2017-இல் பலரும் தவறவிட்டது இதைத்தான். வெளியிலிருந்து மோடத்தைத் திறக்கும் வசதி உங்களுக்குத் தேவையில்லை என்றால் அதை மூடிவிடுங்கள். டி.என்.எஸ். முகவரிகள் உங்கள் இணைய நிறுவனம் தந்தவைதாமா என்று பாருங்கள். பிரேசில் கதை நினைவிருக்கட்டும். கம்பியில்லா இணைப்புக்கும் எளிதில் ஊகிக்க முடியாத கடவுச்சொல் வையுங்கள்.

செங்கல் ஆகிவிட்டால்?

எல்லா விளக்குகளும் ஒரே மாதிரி எரிந்து மோடம் உறைந்து நின்றால் உடனே மனம் தளர வேண்டாம். தொடக்க நிரல் இன்னும் உயிரோடு இருக்கலாம். பல மோடங்களில் பின்புறத்துச் சிறு துளையிலுள்ள பொத்தானைக் குச்சியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மின்சாரம் கொடுத்தால், தொடக்க நிரல் மீட்பு நிலையில் விழித்துக்கொள்ளும். கணிப்பொறிக்கு நிலையான முகவரி ஒன்றைக் கொடுத்து, ஈதர்நெட் கம்பியின் வழியே நல்ல நிரலை அதற்கு ஊட்டலாம். முறை மோடத்துக்கு மோடம் மாறும்; கையேட்டைப் பாருங்கள். தொடக்க நிரலும் அழிந்துவிட்டால், பெட்டியைத் திறந்து பலகையிலுள்ள ஊசிகளில் கம்பி இணைத்து எழுத வேண்டியிருக்கும். அது தேர்ந்த பழுதுநீக்குவோர் செய்யும் வேலை.

நிரலால் ஆகாதது

நிலைப்பொருளைப் புதுப்பித்தால் வேகம் பறக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. தடத்தில் குழி இருந்தால், எவ்வளவு கெட்டிக்கார லாரிக்காரரும் மூட்டையைக் குறைக்கத்தான் வேண்டும். கம்பியின் நிலையை அறிய அமைப்புப் பக்கத்தில் இரண்டு எண்கள் உள்ளன.

ஒன்று, தேய்வு. தொலைபேசி நிலையத்திலிருந்து வரும் வழியில் அலை எவ்வளவு வலுவிழந்தது என்பதை இது டெசிபலில் காட்டுகிறது. 10 டெசிபல் என்றால் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிவிட்டது. 30 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. 60 என்றால் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு! கம்பி நீள நீள இது கூடும்.

மற்றொன்று, இரைச்சல் இடைவெளி. இணைப்பு அறாமல் இருக்கக் குறைந்த அளவு எவ்வளவு தேவையோ, அதற்கு மேல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை இது காட்டும். பொதுவாக 6 டெசிபல் மிச்சம் இருக்குமாறு மோடங்கள் சுமையை ஏற்றுகின்றன. இந்த எண் 2, 1 என்று சரிந்தால் இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும்.

டி.எஸ்.எல். இணைப்பு உள்ள மாணவர்கள் ஓர் ஆய்வு செய்து பார்க்கலாம். ஒரு வாரம், நாள்தோறும் காலை, மதியம், இரவு என மூன்று வேளையும் இரைச்சல் இடைவெளியைக் குறித்து வரைபடம் வரையுங்கள். மழைக்கு முன்னும் பின்னும் குறியுங்கள். அருகிலுள்ள பட்டறை ஓடும் நேரத்தில் மட்டும் எண் சரிந்தால் இரைச்சல் அங்கிருந்து வரக்கூடும். மழை நாளில் மட்டும் சரிந்தால் எங்கோ ஓர் இணைப்பில் நீர் புகுந்திருக்கலாம். அந்த வரைபடத்தை லைன்மேனிடம் காட்டுங்கள். ‘இணையம் சரியில்லை’ என்ற புகாரைவிட, எந்த நேரத்தில் எவ்வளவு சரிந்தது என்று காட்டும் தாள் அவருக்குப் பேருதவியாக இருக்கும். களிம்பேறிய இணைப்பைச் சுரண்டிப் புதுப்பிப்பது அவர் கையில். நிரலைப் புதுப்பிப்பது நம் கையில்.

இன்று செப்புக் கம்பி இணைப்புகள் குறைந்து, கண்ணாடி இழை இணைப்புகள் பெருகிவருகின்றன. கண்ணாடியை உப்புக் காற்று அரிக்காது. பட்டறையின் மின்பொறி அதைத் தொடாது. தடங்களைப் பற்றிய கவலை பெரிதும் தீர்ந்தது. ஆனால் இழையின் முனையிலும் ஒரு பெட்டி இருக்கிறது. அதன் உள்ளேயும் ஃபிளாஷ் சில்லு இருக்கிறது. அதில் நிலைப்பொருள் இருக்கிறது. அதைத் திறக்க ஒரு கடவுச்சொல்லும் இருக்கிறது. 2005-இல் எழுதப்பட்ட திருத்தம் 2014 வரை மோடங்களைச் சென்றடையாத கதை, கண்ணாடி இழைப் பெட்டிகளுக்கும் நேரலாம்.

ஆகவே, இந்தக் கட்டுரையைப் படித்து முடித்ததும் ஒரு சிறு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டுப் பெட்டியைத் திருப்பி அதன் பெயரைப் படியுங்கள். அதன் நிலைப்பொருள் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று அமைப்புப் பக்கத்தில் பாருங்கள். கடவுச்சொல் இன்னும் தொழிற்சாலைக் கடவுச்சொல்தானா என்று சோதியுங்கள். ஆம் என்றால், இன்றே மாற்றிவிடுங்கள்.